கேட்நேனோ: அச்சில் கோத்த வளையத்தை வடிவமைக்க இந்த மென்பொருள் போதுமா?

டி.என்.ஏ. இழையை மடித்து நானோமீட்டர் அளவில் பொருள் கட்ட வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கற்றுக்கொள்ளும் மென்பொருள் கேட்நேனோதான். ஹார்வர்டில் வில்லியம் ஷீயின் ஆய்வுக்குழுவில் இருந்தபோது ஷான் டக்ளஸ் முன்னின்று உருவாக்கி, 2009இல் ஆய்வுக்கட்டுரையுடன் வெளியிட்ட இந்த மென்பொருள் இன்றும் இலவசமாக, மூலநிரல் திறந்த நிலையில் கிடைக்கிறது. இதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தரும் பாடங்கள் இணையத்தில் நிறைய இருப்பதால் அவற்றை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பு ஏதுமின்றி, ஆனாலும் பிரிக்க முடியாதபடி பூட்டிக்கொண்டிருக்கும் அமைப்புகளைக் கட்ட நினைப்பவருக்கு இது எவ்வளவு தூரம் துணைவரும் என்ற ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகளாக அச்சில் கோத்த வளையம் ஒன்றைக் கட்டும் வேலையில் இதை நாள்தோறும் திறந்து மூடியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மாட்டு வண்டியின் சக்கரத்தை யாரும் அச்சோடு ஒட்டிவைப்பதில்லை. சக்கரம் சுழலவும் வேண்டும், கழன்று ஓடிவிடவும் கூடாது என்பதற்காகத்தான் அச்சின் நுனியில் கடையாணி செருகுகிறார்கள். ரொட்டாக்ஸேன் எனப்படும் மூலக்கூறு அமைப்பும் இதேதான்: நடுவில் ஓர் அச்சு, அதைச் சுற்றி ஒரு வளையம், வளையம் நழுவாதபடி இரு நுனியிலும் தடித்த தடைகள். இரண்டு வளையங்கள் சங்கிலிக் கண்ணிகளைப் போல ஒன்றினுள் ஒன்று புகுந்திருந்தால் அது கேட்டனேன். தாமிர அயனியைச் சுற்றி மூலக்கூறுகளை ஒழுங்குபடுத்தி வளையங்களைக் கோக்கும் வழியை 1983இல் ழான் பியேர் சொவாஜும், அச்சில் வளையம் நகரும் ரொட்டாக்ஸேனை 1991இல் ஃப்ரேசர் ஸ்டோடர்ட்டும் காட்டினார்கள். பெர்னார்ட் ஃபெரிங்காவோடு சேர்ந்து 2016ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அந்த மூலக்கூறுகளெல்லாம் சில நானோமீட்டர் அளவுள்ளவை. அதே 2016இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஃப்ரீட்ரிக் சிம்மலின் குழு, மடித்த டி.என்.ஏ. உறுப்புகளால் 355 நானோமீட்டர் வரை நீளமுள்ள அச்சில் வளையம் ஓடும் ரொட்டாக்ஸேன்களைக் கட்டிக் காட்டியது. இந்த அளவுப் பாய்ச்சல்தான் என்னைப் போன்றவர்களை இந்தத் துறைக்குள் இழுத்தது.

மடிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006இல் பால் ராதமண்ட் காட்டியபடி, எம்13 என்னும் வைரஸிலிருந்து எடுத்த, 7,249 காரங்கள் (டி.என்.ஏ.வின் எழுத்துகள்) கொண்ட நீண்ட ஒற்றை இழையை எடுத்துக்கொண்டு, அதன் குறிப்பிட்ட இடங்களில் போய் ஒட்டும் இருநூறுக்கு மேற்பட்ட குறுகிய இழைகளைச் சேர்த்து, மெக்னீசியம் கலந்த கரைசலில் சூடாக்கி மெதுவாகக் குளிரவிட்டால், நீண்ட இழை நாம் நினைத்த வடிவத்தில் மடிந்துகொள்கிறது. நீண்ட இழைக்கு ஸ்காஃபோல்டு என்றும் குறுகிய இழைகளுக்கு ஸ்டேப்பிள் என்றும் பெயர். எந்த ஸ்டேப்பிள் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், அதன் கார வரிசை என்ன என்பதைத் தீர்மானிப்பதுதான் கேட்நேனோவின் வேலை.

மென்பொருளைத் திறந்தால் இடப்பக்கம் தேன்கூடு போன்ற வட்டங்களின் பரப்பு தெரிகிறது. ஒவ்வொரு வட்டமும் நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரட்டைச் சுருளின் குறுக்குவெட்டு. ஒரு வட்டத்தைச் சொடுக்கினால் வலப்பக்கம் அதே சுருள் இரண்டு வரிசைக் கட்டங்களாகப் படுத்த நிலையில் தோன்றுகிறது. ஒரு வரிசையில் ஸ்காஃபோல்டின் நீலக்கோடு, மறு வரிசையில் ஸ்டேப்பிள்களின் வண்ணக்கோடுகள். அடுத்த வட்டத்தைச் சொடுக்கினால், இரு சுருள்களுக்கும் இடையே இழை தாவக்கூடிய இடங்கள் எண் குறித்துக் காட்டப்படுகின்றன. பயனர் மனத்தில் முப்பரிமாணத்தைக் கட்டிக்கொள்ள வேண்டிய பாரத்தை இந்த இரு பலகைகளும் பாதியாகக் குறைத்துவிடுகின்றன. என்னோடு வேலை செய்த முதுநிலை மாணவி ஒருவர், டி.என்.ஏ.வைப் பற்றிப் பள்ளிப் பாடத்துக்கு மேல் ஒன்றும் படிக்காதவர், ஒரே பிற்பகலில் ஆறு சுருள்கள் கொண்ட கற்றை ஒன்றை வரைந்து முடித்தார். வேறு எந்த ஆய்வுக்கூட மென்பொருளிலும் இவ்வளவு விரைவான தொடக்கத்தை நான் பார்த்ததில்லை.

அந்த எளிமைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு அழகானது. இரட்டைச் சுருள் ஏறத்தாழ 10.5 காரச்சோடிகளுக்கு (எதிரெதிர் இழைகளில் இணைந்த இரு காரங்கள் ஒரு சோடி) ஒருமுறை முழுதாகச் சுற்றுகிறது. ஏழு காரச்சோடிகள் நகர்ந்தால் மூன்றில் இரண்டு சுற்று, அதாவது 240 பாகை. தேன்கூட்டில் ஒவ்வொரு சுருளுக்கும் 120 பாகை இடைவெளியில் மூன்று அண்டைச் சுருள்கள் இருப்பதால், ஏழு ஏழாக நகரும்போது இழை ஒவ்வோர் அண்டைச் சுருளாக முறைவைத்து எதிர்கொள்கிறது; 21 காரச்சோடிகளில் இரண்டு முழுச்சுற்று முடிந்து முதல் அண்டைச் சுருளுக்கே திரும்பிவிடுகிறது. மென்பொருளின் சதுரக் கட்டத் தேர்வில் இந்தப் பொருத்தம் இல்லை. அங்கே 32 காரச்சோடிகளுக்கு மூன்று சுற்று என்று வைத்துக்கொள்வதால், 64 காரச்சோடிகள் செய்ய வேண்டிய ஆறு சுற்றுகளை இயற்கையான சுருள் 63லேயே செய்துவிடுகிறது. இடையிடையே ஒரு காரத்தை நீக்காவிட்டால் முழு அமைப்பும் ஈரத்துணியைப் பிழிந்தாற்போல முறுக்கிக்கொள்ளும். கோக்க வேண்டிய உறுப்புகளுக்குத் தேன்கூட்டையே தேர்ந்தெடுங்கள். முறுக்கிய அச்சில் வளையம் சீராக ஓடாது.

இனி வளையத்துக்கு வருகிறேன். கேட்நேனோவில் எல்லாச் சுருள்களும் ஒன்றுக்கொன்று இணையான நேர்க்கோடுகள் மட்டுமே. வளைவு என்ற ஒன்றைத் திரையில் வரையவே முடியாது. ஆனால் ஹென்ட்ரிக் டீட்ஸும் டக்ளஸும் ஷீயும் 2009இல் காட்டிய வழி ஒன்று உண்டு: கற்றையின் ஒரு பக்கச் சுருள்களில் காரங்களை நீக்கி, எதிர்ப்பக்கச் சுருள்களில் காரங்களைச் சேர்த்தால், குறைந்த பக்கம் உள்நோக்கி இழுக்கக் கற்றை தானே வளைகிறது. ஆறு நானோமீட்டர் ஆரம் வரை இறுக்கமாக வளைக்க முடிந்ததை அவர்கள் காட்டினார்கள். இதற்கென்று மென்பொருளில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. நீக்கும் இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறியும், சேர்க்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணியும் அதன்மேல் எண்ணும் தோன்றும்.

என் வளையத்தின் கணக்கைச் சொன்னால் இந்த வேலையின் தன்மை புரியும். ஆறு சுருள் கற்றை. உட்புறச் சுருள் மையத்திலிருந்து 12 நானோமீட்டரிலும், வெளிப்புறச் சுருள் 17 நானோமீட்டரிலும் இருக்க வேண்டும். ஒரு காரச்சோடிக்கு 0.34 நானோமீட்டர் என்று வைத்தால், உட்சுற்றுக்கு ஏறத்தாழ 222, வெளிச்சுற்றுக்கு ஏறத்தாழ 314, சராசரி 268 காரச்சோடிகள். கட்டத்தில் எல்லாச் சுருள்களையும் 268 நீளத்துக்கு வரைந்துவிட்டு, உட்புறத்தில் 46 நீக்கல்களையும் வெளிப்புறத்தில் 46 சேர்த்தல்களையும், இடைப்பட்ட நான்கு சுருள்களில் அவற்றின் ஆரத்துக்கு ஏற்ப இன்னும் சிலவற்றையும், இரண்டு கிராஸ்ஓவர்களுக்கு, அதாவது இழை சுருள்விட்டுச் சுருள் தாவும் இடங்களுக்கு, நடுவில் விழும்படி சீராகப் பரப்ப வேண்டும். அத்தனையும் ஒவ்வொன்றாகச் சொடுக்க வேண்டியவை. மூன்றாம் நாள் எனக்குக் கண் பூத்துப் போனது. "இந்தச் சுருளில் இத்தனை நீக்கல்களைச் சமமாகப் பரப்பு" என்று சொல்ல ஒரு வசதி இருந்தால் இந்த வேலை அரை மணி நேரத்தில் முடியும். அது இல்லாதது, வளைந்த உறுப்புகளைக் கட்டுகிறவர்களின் பார்வையில் இந்த மென்பொருளின் மிகப்பெரிய நடைமுறைக் குறை.

ஆனால் அதைவிட ஆழமான குறை வேறு. பூட்டு என்பது கேட்நேனோவின் கோப்பில் எங்குமே இல்லை. வளையத்தையும் அச்சையும் ஒரே கோப்பில் வரைந்தால், இடப்பலகையில் இங்கே ஆறு வட்டங்கள், அங்கே ஆறு வட்டங்கள் என இரண்டு கொத்துகள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். வளையம் அச்சைச் சுற்றி இருக்கிறதா, அருகில் சும்மா கிடக்கிறதா என்ற வேறுபாட்டை அந்தப் படம் சொல்லாது. இரண்டு நிலைக்கும் ஒரே கோப்பு, ஒரே ஸ்டேப்பிள் பட்டியல். எந்தக் காரம் எந்தக் காரத்தோடு இணைகிறது என்பதுதான் மென்பொருளுக்குத் தெரிந்த மொழி. எது எதனூடே புகுந்திருக்கிறது என்பது அந்த மொழியில் சொல்ல முடியாத செய்தி.

இதில் வருந்தத்தக்க ஒன்று உண்டு. டி.என்.ஏ. நானோ தொழில்நுட்பத்தின் தொடக்க காலத்திலேயே பூட்டிய வளையங்கள் இருந்தன. நாட்ரியன் சீமனும் ஜுங்ஹுவே சென்னும் 1991இல் டி.என்.ஏ.வால் கட்டிய கனசதுரம், உண்மையில் ஆறு வட்ட இழைகள் கோத்துக்கொண்ட ஒரு சங்கிலி. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வட்டம், ஒவ்வொரு வட்டமும் நான்கு அண்டை வட்டங்களோடு பூட்டியிருக்கும். 1997இல் சீமனின் குழு போரோமிய வளையங்களையும் டி.என்.ஏ.வில் கட்டியது, மூன்றில் ஒன்றை வெட்டினால் மற்ற இரண்டும் தாமே பிரிந்துவிடும் அமைப்பு அது. அந்த மரபில் வந்த கருவி இந்த ஒரு விஷயத்தில் கண்மூடி நிற்கிறது. இடத்தியல் பற்றி, அதாவது எது எதனோடு எப்படிக் கோத்திருக்கிறது என்பது பற்றி, அது நமக்குத் தரும் எச்சரிக்கை ஒன்றே ஒன்று: தானியங்கி முறையில் ஸ்டேப்பிள்களை நிரப்பச் சொன்னால் சில இழைகள் நுனியே இல்லாத வட்டங்களாக வந்து நிற்கும், அவற்றையும், 18 காரங்களுக்குக் குறைந்த, 50 காரங்களுக்கு மேற்பட்ட இழைகளையும் தடித்த கோடாகக் காட்டும். அவற்றை நாமே உடைத்துச் சரிசெய்ய வேண்டும்.

ஸ்காஃபோல்டு விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. வளையத்தையும் அச்சையும் ஒரே ஸ்காஃபோல்டால் வரைய மென்பொருள் தாராளமாக இடம் கொடுக்கும். தவறு என்று சொல்லாது. ஆனால் அந்த ஒற்றை இழை இரண்டு உறுப்புகளுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும்வரை அவை கயிற்றால் கட்டிய இரண்டு பொருள்களே. பூட்டு மட்டுமே பிணைப்பாக இருக்க வேண்டுமென்றால் அந்த இழையைப் பின்னர் வெட்ட வேண்டும், அல்லது தொடக்கத்திலிருந்தே இரண்டு தனி ஸ்காஃபோல்டுகள் வேண்டும். இரண்டாம் வழியில் போனால், மேலே சொன்ன வளையத்துக்கு 1,608 காரங்களே செலவாகும். எஞ்சிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட காரங்கள் மடியாமல் தொங்கினால், அந்தத் தொங்கல் வளையத்தின் துளைக்குள்ளேயே புகுந்து சிக்கலாகும். ஆகவே குறுகிய ஸ்காஃபோல்டைத் தேட வேண்டும், அல்லது வளையத்தின் உயரத்தைக் கூட்டி இழையை அதிலே செலவழிக்க வேண்டும்.

முதல் முயற்சியில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மென்பொருளை மட்டும் நம்புகிறவர் எல்லோரும் அங்கேதான் போய் விழுவார்கள். வளையத்தை முழுதாக மூடிய நிலையில் வரைந்தேன். பட்டியலை ஏற்றுமதி செய்தேன். எல்லா ஸ்டேப்பிள்களையும் ஒன்றாகக் கலந்து மடித்தேன். தனியே மடித்துவைத்த அச்சை அதில் சேர்த்தேன். மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் அகரோஸ் ஜெல்லில் இரண்டு பட்டைகள் கூர்மையாக, மிக அழகாக வந்தன. எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் பார்த்தபோது வட்டமான வளையங்களும் நேரான அச்சுகளும் எண்ணற்றுக் கிடந்தன. ஒன்றுகூட மற்றொன்றைச் சுற்றி இல்லை. வளையம் மடியும்போதே மூடிக்கொண்டுவிட்டது, மூடிய வளையத்துக்குள் இரு நுனியும் தடித்த அச்சு எப்படி நுழையும்? கடையாணி போட்ட அச்சில் சக்கரத்தை மாட்ட முயன்ற கதைதான். கோப்பில் ஒரு பிழையும் இல்லை. பிழை வரிசையில் இருந்தது, வரிசையைக் குறித்துவைக்கக் கோப்பில் இடம் இல்லை.

இடம் இல்லை என்றா சொன்னேன்? ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுகொண்டபோது எனக்கு இந்த மென்பொருள்மீது புது மதிப்பு வந்தது. ஒவ்வொரு ஸ்டேப்பிளுக்கும் விரும்பிய வண்ணம் பூசலாம். ஏற்றுமதி செய்யும் அட்டவணையில் தொடக்கம், முடிவு, கார வரிசை, நீளம் ஆகியவற்றோடு வண்ணத்துக்கும் ஒரு பத்தி வருகிறது. ஆகவே வளையத்தின் உடலைத் தாங்கும் ஸ்டேப்பிள்களுக்குச் சாம்பல், திறந்த வாயை மூடும் ஸ்டேப்பிள்களுக்குச் சிவப்பு, திறந்த வளையத்தை அச்சின் நடுவில் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் இழைகளுக்குப் பச்சை, அச்சுக்கு மஞ்சள் என்று பூசினேன். விரிதாளில் வண்ணப் பத்தியை வைத்து வரிசைப்படுத்தி, ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனித் தட்டில் வரும்படி ஆர்டர் செய்தேன். சாம்பல் தட்டால் திறந்த வளையம், மஞ்சள் தட்டால் அச்சு, பச்சைத் தட்டால் இரண்டையும் சேர்த்தல், அதன் பிறகே சிவப்புத் தட்டால் வாயை மூடுதல், கடைசியில் பச்சை இழைகளுக்கு வேறொரு நீளமான இணை இழையைக் கொடுத்து அவற்றை இழுத்தெடுத்தல். இழை இடப்பெயர்ச்சி எனப்படும் இந்தக் கடைசிப் படியில்தான் வளையம் அச்சில் விடுதலை பெற்று நகரத் தொடங்குகிறது. பச்சை இழைகளின் நுனியில், எதனோடும் இணையாமல் வெளியே நீளும் ஏழெட்டுக் காரங்களை மென்பொருளின் கட்டத்திலேயே வரைந்துவிட முடிகிறது; அந்தப் பிடிமுனை இல்லாவிட்டால் இழுத்தெடுக்கும் இழைக்குத் தொற்றிக்கொள்ள இடம் கிடைக்காது.

இப்படி மடித்த மாதிரியில் முதன்முறையாக ஒரு வளையம் அச்சின் இடைநடுவில் குறுக்காக நிற்பதைக் கண்டபோது, நுண்ணோக்கி அறையில் நான் தனியாக இருந்தேன். யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று தோன்றியதே தவிர, கூப்பிட எழுந்து போக மனம் வரவில்லை. அடுத்தடுத்த படங்களில் வளையம் வெவ்வேறு இடங்களில் நின்றது: இடது தடையருகே, நடுவே, வலது தடையருகே. ஒட்டியிருந்தால் ஒரே இடத்தில் நின்றிருக்கும்.

வடிவமைப்பு முடிந்ததும் இழைகளை ஆர்டர் செய்வதற்குமுன் கண்டிப்பாக வேறு மென்பொருள்களின் துணை வேண்டும். வளையம் உண்மையிலேயே வட்டமாக வருமா என்று பார்க்க, கேட்நேனோவின் கோப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளும் கேன்டூ போதும். பூட்டைச் சோதிக்க ஆக்ஸ்டிஎன்ஏ தேவை. அது ஒவ்வொரு நியூக்ளியோடைடையும் (ஒரு காரம் தாங்கிய இழையின் அலகு) தனி உறுப்பாக வைத்து அசைவைக் கணிக்கிறது. கோப்பை அதன் வடிவத்துக்கு மாற்றி, அதை முப்பரிமாணத்தில் காட்டும் ஆக்ஸ்வியூவில் திறந்தால் இரு கற்றைகளும் அருகருகே நேராகக் கிடக்கும். திறந்த வளையத்தைக் கையால் பிடித்துத் திருப்பி, அச்சின்மீது கொண்டுபோய் வைத்த பிறகே கணிப்பைத் தொடங்க வேண்டும். தொடக்க நிலையில் நீண்டு இழுபட்டிருக்கும் பிணைப்புகளைத் தளர்த்தும்போது இழைகள் ஒன்றையொன்று ஊடுருவிப் போய்விடவில்லை என்பதைக் கண்ணால் உறுதிசெய்துகொள்ளுங்கள். உலகில் எந்த இழையும் அப்படிச் செய்யாது, கணினி செய்துவிடும்.

மாற்று எது என்று கேட்பவர்களுக்கு, 2020இல் டேவிட் டோட்டியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஸ்கேட்நேனோவைச் சொல்வேன். உலாவியிலேயே ஓடுகிறது, கேட்நேனோவின் கோப்பைப் படிக்கிறது, பைத்தான் நிரல் எழுதி வடிவமைக்க விடுகிறது. நான் மூன்று நாள் சொடுக்கிய அந்த நீக்கல்களைப் பத்து வரி நிரலில் பரப்பிவிடலாம். நிரல் எழுதத் தெரிந்தவர் வளையத்தை அங்கே கட்டுவதே நல்லது. தெரியாதவருக்கும், சுருளின் கணக்கைக் கைவிரலால் உணர்ந்து கற்க விரும்புகிறவருக்கும் கேட்நேனோவே ஏற்றது. அதன் இரண்டாம் பதிப்பைப் பைத்தான் உள்ள எந்தக் கணினியிலும் ஒற்றை வரிக் கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். முதல் பதிப்பைத் தேடிப் போக வேண்டாம்.

ஏற்றுமதி செய்த அட்டவணையை ஆர்டருக்கு அனுப்பும்முன் ஒரு சோதனை செய்யத் தவறாதீர்கள். கார வரிசைப் பத்தியில் கேள்விக்குறி எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஸ்காஃபோல்டுக்கு வரிசை கொடுக்காத இடங்களில் மென்பொருள் கேள்விக்குறியை இட்டுவைக்கும். வளையத்துக்கும் அச்சுக்கும் தனித்தனி ஸ்காஃபோல்டு வைத்திருப்பவர்கள், ஒன்றுக்கு வரிசை கொடுத்துவிட்டு மற்றதை மறப்பது மிக எளிது. பிடிமுனைகளுக்கு எதிரே ஸ்காஃபோல்டு இல்லாததால் அங்கேயும் கேள்விக்குறிதான் வரும். அந்த ஏழெட்டு எழுத்துகளை நாமே தேர்ந்து, எம்13 வரிசையில் எங்கும் ஒட்டாதவையா என்று பார்த்து, விரிதாளில் கையால் எழுத வேண்டும். நான் இப்போதும் அதைப் பச்சை மையால் ஒரு தாளில் எழுதி, இணை இழையை அதன் கீழே எழுதி, இன்னொருவரிடம் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லிய பிறகே தட்டச்சு செய்கிறேன்.